செயின் தொங்குகிறதா? கண்ணியை எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் போய் வருகிறாள். ஒரு மாதமாக வேகத்தடையில் ஏறி இறங்கினாலே செயின் கழன்றுவிடுகிறதாம். ஒரு நாள் சாயங்காலம் பத்து விரலிலும் கருப்பு மையோடு வந்து நின்றாள். "மாமா, ரெண்டு கண்ணி எடுத்துட்டா டைட் ஆயிடும்னு கடையில சொல்றாங்க. எடுத்துடலாமா?"

செயினைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே தொங்கியது. நடுவில் மேலும் கீழுமாக மூன்று அங்குலம் ஆடியது. பார்க்கிற யாருக்கும் இது ரொம்ப நீளம், வெட்ட வேண்டியதுதான் என்று தோன்றும். நாங்கள் வெட்டவில்லை. பின் சக்கரத்து நட்டுகளைத் தளர்த்தினோம், சக்கரத்தை 3 மில்லிமீட்டர் பின்னால் இழுத்தோம், மறுபடி முறுக்கினோம். ஒரு பென்சிலின் கனத்தில் பாதிகூட இல்லை அந்தத் தூரம். செயின் அடங்கிவிட்டது.

மூன்று அங்குல ஆட்டத்தை மூன்று மில்லிமீட்டர் எப்படி அடக்கும்? துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். நடுவில் தாழ்ந்து தொங்கும் கயிற்றின் முனையை அவிழ்த்து, துளி இழுத்துக் கட்டினால் போதும், நடுப்பகுதி ஒரு சாண் மேலே வந்துவிடும். தொங்கல் பெரிதாகத் தெரியும், அதற்குக் காரணமான கூடுதல் நீளம் சின்னதாகத்தான் இருக்கும். செயினும் அப்படித்தான். சாதாரண சைக்கிளில் பெடல் அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே ஏறத்தாழ 47 செ.மீ. அந்த இடைவெளியில் செயின் மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை என்று ஆடினால், கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிகப்படியான நீளம் 6 மி.மீ.தான். செயின் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசையாக ஓடுவதால் சக்கரம் ஒரு பங்கு நகர்ந்தால் செயினில் இரண்டு பங்கு இழுபடும். ஆகவே 6 மி.மீ.க்கு 3 மி.மீ. நகர்த்தினால் போதும்.

கடையில் எடுக்கலாம் என்று சொன்ன இரண்டு கண்ணியின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. வேண்டியது ஆறு, எடுப்பது இருபத்தைந்து. எடுத்திருந்தால் சக்கரத்தை ஒரு செ.மீ. அளவுக்கு முன்னால் தள்ளினால்தான் செயினை மாட்டவே முடியும். அந்த வண்டியில் முன்னால் அவ்வளவு இடம் கிடையாது.

செயின் நீளம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் உண்மையில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, கண்ணிகளின் எண்ணிக்கை. இன்னொன்று, இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள தூரம். எண்ணிக்கையை அங்குலம் அங்குலமாகத்தான் மாற்ற முடியும். தூரத்தை மயிரிழை அளவுக்குக்கூட மாற்றலாம். வீட்டில் செய்கிற வேலை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இரண்டாவதுதான்.

கண்ணி என்பது எது

செயினைத் துடைத்துவிட்டுக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு விதக் கண்ணிகள் மாறி மாறி வரும். உட்கண்ணியில் இரண்டு தகடும், அவற்றின் நடுவே சுழலும் இரண்டு உருளைகளும் இருக்கும். வெளிக்கண்ணி வெறும் இரண்டு தகடும் இரண்டு ஆணியும். வெளிக்கண்ணியின் ஆணி உட்கண்ணியின் உருளைக்குள் நுழைந்து இரண்டையும் கோக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நூற்று நாற்பது வருடம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை சரியாக அரை அங்குலம், 12.7 மி.மீ. கியர் இல்லாத பால்கார வண்டியானாலும் லட்ச ரூபாய் ரேஸ் சைக்கிளானாலும் இன்று இதே அளவுதான். மாறுவது அகலம் மட்டும். கியரில்லாத வண்டியின் செயினுக்கு உள் அகலம் 1/8 அங்குலம். கொத்தனாரும் தச்சரும் சொல்கிற கணக்கில் ஒரு நூல். கியர் வண்டிச் செயின் அதைவிட ஒல்லி, பின்னால் பல்சக்கரங்கள் கூடக்கூட இன்னும் ஒல்லியாகும். அதனால் புதுச் செயின் வாங்கும்போது கியர் உண்டா, பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று கடைக்காரர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உட்கண்ணியோடு உட்கண்ணியைக் கோக்க முடியாது, வெளியோடு வெளியையும் முடியாது. அதனால்தான் எடுத்தாலும் சேர்த்தாலும் ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். ஒற்றைக் கண்ணி சேர்க்க அரைக்கண்ணி என்று ஒன்று உண்டு. ஒரு முனை குறுகி, மறு முனை விரிந்து, பக்கத்தகடு வளைந்திருக்கும். சில கடைகளில் கிடைக்கும். வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தேடுவேன்.

சக்கரத்தை நகர்த்தும் வேலை

கியரில்லாத வண்டியில் பின் சக்கரத்து அச்சு உட்காரும் காடி நீளவாக்கில் இருக்கும். அச்சு முன்னும் பின்னும் நகர்வதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள். பல வண்டிகளில் அச்சின் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் மாட்டியிருக்கும். ஒரு வளையமும் அதோடு ஒட்டிய திருகும், நுனியில் ஒரு சின்ன நட்டும். அந்தச் சின்ன நட்டைத் திருகினால் அச்சு பின்னால் இழுபடும்.

தேவையானது பொருத்தமான ஸ்பேனர் ஒன்று, முடிந்தால் இரண்டு. புது வண்டிகளில் பெரும்பாலும் 15-ஆம் நம்பர் பொருந்தும். பழைய வண்டி நட்டுகள் ஆளுக்கொரு அளவு. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் போட்டு மூலை மழுங்கடிப்பதைவிட சரியான நம்பரைத் தேடி எடுப்பது நல்லது.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் கீழே ஒரு சாக்கைப் போடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தியும் செய்யலாம், ஆனால் சில வண்டிகளில் ஸ்டாண்டும் கேரியர் கால்களும் அச்சு நட்டிலேயே மாட்டியிருக்கும். நட்டைத் தளர்த்தியதும் எல்லாம் சேர்ந்து ஆடும். நட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம், இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எந்த வாஷர் எதற்கு அடுத்து வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை படம் எடுக்காமல் கழற்றி, ஒரு வாஷர் மிச்சமாகி, அது எங்கே போகும் என்று அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தேன்.

திருகுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். டயர் ஃப்ரேமின் இடது பக்கக் குழாயை உரசிக்கொண்டிருக்கிறதா? உரசினால் செயின் நீளவில்லை. செயின் பக்கத்து நட்டு இளகி, மிதிக்கிற மிதியில் அச்சின் வலது முனை முன்னால் வழுக்கியிருக்கிறது. அப்படி வழுக்கினால் சக்கரம் கோணலாகி முன்பாகம் இடது பக்கம் சாயும். புது வண்டியில் திடீரென்று ஒரே நாளில் செயின் தொங்கினால் பெரும்பாலும் இதுதான் காரணம். சக்கரத்தை நேராக்கி நட்டை நன்றாக முறுக்கினால் வேலை முடிந்தது.

சரி, நட்டு தளர்ந்தாயிற்று. அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டு பக்கச் சின்ன நட்டையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருகுங்கள். அட்ஜஸ்டர் இல்லையென்றால் சக்கரத்தை நடக்கவிட வேண்டும். சக்கரத்தைக் கையால் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு செயின் பக்கத்து நட்டை லேசாக முறுக்குங்கள். இப்போது சக்கரம் கோணலாக நிற்கும். டயரின் முன்பகுதியைப் பிடித்து இரண்டு குழாய்களுக்கும் நட்டநடுவில் கொண்டுவந்து, இடது நட்டை லேசாக முறுக்குங்கள். செயினைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் தொங்கினால் வலது நட்டை இளக்கி இன்னும் துளி இழுங்கள். வலது, இடது, வலது, இடது என்று நாலு அடி வைத்தால் இடம் சேர்ந்துவிடும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். இரண்டாவது தடவை கை தானாகப் போகும்.

எவ்வளவு டைட்? நடுவில் விரலை வைத்துத் தள்ளினால் மேலும் கீழுமாகச் சேர்த்து அரை அங்குலம் ஆட வேண்டும். அளக்க ஸ்கேல் தேடாதீர்கள், அளவு செயினிலேயே இருக்கிறது. ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை உள்ள தூரம்தான் அந்த அரை அங்குலம். 'ஒரு கண்ணி ஆட்டம்' என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் ஏமாறுவார்கள். பெடலை மெதுவாகச் சுற்றி, கால் சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, செயினைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் லூசாகவும் ஓரிடத்தில் டைட்டாகவும் இருக்கும். செயின் மேல் குற்றமில்லை. முன் பல்சக்கரம் அசல் வட்டமாக இருப்பதும் அச்சு அதன் நட்டநடுவில் இருப்பதும் அபூர்வம். லூசான இடத்தில் வைத்து அளந்து டைட் செய்தீர்களானால், டைட்டான இடம் வரும்போது செயின் வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். பெடல் கரகரவென்று இழுக்கும், பெடல் அச்சிலும் சக்கர அச்சிலும் உள்ள பால்ரஸ் தேயும். அதனால் எப்போதும் டைட்டான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு கண்ணி ஆட்டம் விடுங்கள். மற்ற இடத்தில் ஒன்றரைக் கண்ணி ஆடினாலும் பரவாயில்லை. லூஸ் செயின் கழன்று விழுந்து மானத்தை வாங்கும், அவ்வளவுதான். டைட் செயின் சத்தமில்லாமல் பால்ரஸைத் தின்னும். இரண்டில் ஒன்று என்றால் நான் துளி லூஸ் பக்கம்தான் நிற்பேன்.

ஒரு எச்சரிக்கை. பெடல் சுற்றும்போது விரல் செயினில் இருக்கக் கூடாது. நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் போன விரல் முழுசாகத் திரும்பி வராது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள், அவர்கள் கையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் இரண்டு நட்டையும் இறுக்கமாக முறுக்கிவிட்டுப் பின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் நகர்ந்திருப்பதால் பிரேக் கட்டை விளிம்பில் சரியாகப் படுகிறதா, டயரில் படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

செயின் நீள்வதில்லை, தேய்கிறது

புதிதாக வாங்கியபோது சரியாக இருந்த செயின் ஒரு வருடத்தில் ஏன் தொங்குகிறது? இரும்பு ரப்பர் மாதிரி இழுபட்டுவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தகடு எதுவும் நீள்வதில்லை. ஆணியும் அது சுழலும் துளையும் உரசி உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தலைமுடி கனம்கூட இராது. ஆனால் சாதாரண வண்டியின் செயினில் நூற்றுச் சொச்சம் மூட்டுகள் இருக்கின்றன. எல்லாம் கூடினால் அந்த 6, 7 மி.மீ. வந்துவிடுகிறது.

இதை அளக்கலாம். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து, செயின் விறைப்பாக இருக்கும்போது ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். தையல்காரர் டேப் வேண்டாம், அது துணி. 24 கண்ணி தள்ளியிருக்கும் ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருந்தால் செயின் புதுசு மாதிரி. அரை நூல், அதாவது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கியர் வண்டியென்றால் உடனே மாற்றுங்கள், கியரில்லாத தடித்த செயினென்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கலாம். ஒரு முழு நூல், 1/8 அங்குலம், தாண்டியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் போயிருக்க வாய்ப்பு அதிகம். பல் நுனி அரிவாள் மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது டக்கென்று குதிக்கும்.

கண்ணி எடுக்கும் யோசனை ஏன் தப்பு என்பது இங்கே இன்னும் தெளிவாகும். நம் வண்டிச் செயின் 106 கண்ணி, 53 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடியை எடுக்க வேண்டுமானால் அது தேய்ந்து தேய்ந்து ஒரு முழு அங்குலம் கூடியிருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 2 சதவீதம். 12 அங்குலத்துக்கு ஒரு நூல் என்பதே 1 சதவீதம்தான். அதாவது கண்ணி எடுக்கும் அளவுக்கு ஒரு செயின் நீண்டிருந்தால், தூக்கிப்போட வேண்டிய காலத்தைப்போல் இரண்டு மடங்கு கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை வெட்டி மாட்டினால் ஒவ்வொரு மூட்டும் அதே தேய்மானத்தோடு பல்லைத் தின்றுகொண்டுதான் இருக்கும். தொங்கல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

கடைக்காரரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. புதுச் செயின் போடுங்கள் என்றால் காசு பறிக்கிறார் என்பார்கள், கண்ணி எடுத்தால் பத்து இருபதில் முடியும். வாடிக்கையாளருக்கும் அதுதான் பிடிக்கும். காடியின் கடைசி வரை சக்கரத்தை இழுத்தும் செயின் தொங்கினால் அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஆயுள் முடிந்திருக்கும். வேறு வழியில்லாமல் ஒரு மாதம் ஓட்டியாக வேண்டும் என்றால் அப்போது கண்ணி எடுக்கலாம், தெரிந்தே செய்கிறோம் என்ற நினைப்போடு.

உண்மையிலேயே எண்ண வேண்டிய நேரம்

இரண்டு சந்தர்ப்பங்களில் கண்ணிக் கணக்கு நிஜமாகவே வேண்டியிருக்கும். முதலாவது, ஃப்ரீவீலை, அதாவது பின் பல்சக்கரத்தை, வேறு பல் எண்ணிக்கைக்கு மாற்றும்போது. பால் கேனோ தண்ணீர்க் குடமோ கட்டி ஏற்றத்தில் மிதிக்கிறவர்கள் 18 பல்லை எடுத்துவிட்டு 20, 22 போடுவதுண்டு. ஒரு பல் கூடினால் செயினில் ஒரு கண்ணி நீளத்தில் பாதி கூட வேண்டும். 18-லிருந்து 22 என்றால் நாலு பல், ஆக ஒரு ஜோடி சேர்த்தால் சக்கரம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். 18-லிருந்து 20 என்றால் ஒரு கண்ணிதான் வேண்டும், அரைக்கண்ணி இல்லாமல் ஒற்றைக் கண்ணி சேர்க்க முடியாது. சக்கரத்தை ஆறு மி.மீ. முன்னால் விட்டுச் சமாளிக்கலாம், காடியில் இடம் இருந்தால்.

இரண்டாவது, புதுச் செயின் போடும்போது. புதுச் செயின் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும். பழைய செயினைப் பக்கத்தில் வைத்து அளந்து வெட்டலாமே என்று தோன்றும். வெட்டலாம், ஆனால் நீளத்தை ஒப்பிடாதீர்கள், கண்ணியை எண்ணுங்கள். பழையது தேய்ந்து நீண்டிருப்பதால் முனைக்கு முனை வைத்தால் புதியதில் ஒரு ஜோடி அதிகமாக விட்டுவிட வாய்ப்புண்டு. சுவரில் அடித்த ஒரே ஆணியில் இரண்டையும் தொங்கவிட்டு, மேலிருந்து கண்ணிக்குக் கண்ணி ஜோடி பார்த்து எண்ணிக்கொண்டே இறங்கினால் தப்பு வராது. கீழே வரவர இரண்டும் விலகிப் போவதைப் பார்க்கலாம். தேய்மானத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. பழைய செயின் இல்லையென்றால் சக்கரத்தைக் காடியின் முன் பக்கமாகத் தள்ளிவைத்து, புதியதைச் சுற்றி, இழுத்துப் பிடித்து, முனைகள் சேரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சு காடியின் முன்பாதியில் உட்கார வேண்டும். அப்போதுதான் பின்னால் இழுக்க இடம் மிச்சம் இருக்கும்.

வெட்டுவது எங்கே? கியரில்லாத செயினை இணைப்பது செயின் லாக். அது ஒரு வெளிக்கண்ணி. ஆகவே செயினின் இரண்டு முனையும் உட்கண்ணியாக முடிய வேண்டும். கழிக்கப் போகும் துண்டோடு வெளித்தகடு போகும்படி ஆணியைத் தேர்ந்தெடுத்துத் தள்ளுங்கள். செயின் கட்டர் என்ற சின்னத் திருகு சாதனம் இருந்தால் சுலபம், ஒல்லிச் செயினுக்கான கட்டரில் தடித்த செயின் உட்காராது, பார்த்து வாங்குங்கள். கடையில் ஒரு பெரிய நட்டின் மேல் செயினை வைத்து, பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டில் ஆணியை இறக்கிவிடுவார்கள். அந்தக் கைவாகு நமக்கு வராது. நான் முயன்றபோது தகடுதான் வளைந்தது. நீளத்தைக் குறித்துக்கொடுத்து வெட்டி வாங்கி வருவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

செயின் லாக்கில் மூன்று துண்டுகள். இரண்டு ஆணி பொருத்திய தகடு, வெறும் தகடு, மேலே பூட்டும் ஸ்பிரிங் கிளிப். ஆணித் தகட்டை உள்பக்கத்திலிருந்து இரண்டு முனைக்குள்ளும் நுழைத்து, வெறும் தகட்டை வெளியே மாட்டி, கிளிப்பை ஆணி நுனியில் உள்ள பள்ளத்தில் நழுவவிட்டு, குறடால் தள்ளினால் க்ளிக் என்று உட்காரும். கிளிப்பைப் பார்த்தால் ஒரு முனை மூடியும் மறு முனை பிளந்தும் மீன் மாதிரி இருக்கும். அந்த மீன் செயின் ஓடும் திசையில் நீந்த வேண்டும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடும், ஆக அங்கே வைத்துப் பார்த்தால் தலை ஹேண்டில்பார் பக்கம், வால் பின்பக்கம். திருப்பிப் போட்டால் செயின் கவரோ ஒரு குச்சியோ பிளந்த வாலில் தட்டி கிளிப்பைக் கழற்றிவிடும்.

கழற்றுவது இதற்கு நேர் எதிர். குறட்டின் ஒரு தாடையைக் கிளிப்பின் வால் நுனியிலும், இன்னொன்றைத் தலைப்பக்கத்து ஆணியிலும் வைத்து அமுக்கினால் கிளிப் தலைப்பக்கமாக நழுவும். அமுக்கும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். நான் மூடவில்லை. கிளிப் பறந்துபோய் வாசல் மணலில் விழுந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை உருவி மணலைத் துழாவி எடுக்க வேண்டியதாயிற்று. கடையில் புது லாக் விலை ஒரு டீயை விடக் கொஞ்சம்தான் அதிகம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கியர் வண்டி வேறு ஜாதி

பின்னால் டீரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கை, தொங்கும் கியர் வண்டியில் சக்கரத்தை நகர்த்தும் பேச்சே பெரும்பாலும் கிடையாது. அச்சு உட்காரும் காடி செங்குத்தாக இருக்கும். தொங்கலை டீரெய்லரின் ஸ்பிரிங் கை இழுத்துக்கொள்ளும். இங்கே கண்ணிக் கணக்குதான் எல்லாம், தப்பினால் நஷ்டமும் பெரிது. செயின் குட்டையாகிப்போய், யாராவது தெரியாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லரே பிய்த்துக்கொண்டு வரும்.

வழி சுலபம். செயினை டீரெய்லரில் கோக்காமல், முன்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தையும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தையும் நேராகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தைக் குறியுங்கள். அதோடு ஒரு ஜோடிக் கண்ணி, ஒரு அங்குலம், கூட்டிக்கொண்டு வெட்டுங்கள். பேப்பரில் சரிபார்க்க ஆசைப்பட்டால் இப்படி: பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரை அங்குலத்தில் அளந்து இரண்டால் பெருக்குங்கள். முன் பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையில் கால்பங்கு, பின் பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையில் கால்பங்கு, கடைசியில் ஒன்று, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அச்சுத் தூரம் 17 அங்குலம், முன்னால் 48 பல், பின்னால் 28 பல் என்றால், 34, 12, 7, 1. மொத்தம் 54 அங்குலம், 108 கண்ணி. பின்னம் வந்தால் மேலே ஏற்றி முழு அங்குலமாக்குங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது அச்சுத் தூரம் கூடலாம், அந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும்.

கியர் செயினில் தள்ளிய ஆணியையே திரும்ப அடித்து இணைக்க வேண்டாம். அந்தச் செயினுக்கென்றே விற்கும் இணைப்புக் கண்ணியைப் போடுங்கள், பின்னால் உள்ள பல்சக்கர எண்ணிக்கைக்குப் பொருத்தமானதாக.

இணைத்ததும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு மூட்டு வளையாமல் முறுக்கிக்கொண்டு நின்றால் அங்கே பிடித்து, செயினைப் பக்கவாட்டில் இரண்டு முறை லேசாக மடக்குங்கள், இளகிவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளடைவில் பிசினாகி ரோட்டுப் புழுதியை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கும் கருப்பு வேஸ்ட் ஆயிலும் வேண்டாம், அதில் ஏற்கனவே யாருடைய இன்ஜின் துகளோ இருக்கிறது. செயினுக்கென்று விற்கும் எண்ணெய் நல்லது, கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், அடிக்கடி போட வேண்டியிருக்கும். மூட்டுக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலை இருபது சுற்று சுற்றி, ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பழைய பனியனால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்தெடுங்கள். எண்ணெய் உள்ளே ஆணியில் இருந்தால் போதும். வெளியே பளபளத்தால் அன்றைக்குப் போட்டுப்போகும் யூனிஃபார்மில்தான் வந்து சேரும்.